தாங்கிப் பிடிப்பவனுக்குப் பெயர் என்ன?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தார். "எதைப் பத்தி வேணும்னாலும் எழுதலாம்" என்றார். நட்பைப் பற்றி எழுத நாலு பேர் இருக்கிறார்கள். காதலைப் பற்றி எழுத நாற்பது பேர் இருக்கிறார்கள்! வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி யாரும் எழுதாமலேயே நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே நான் லேத்தைப் பற்றி எழுதுகிறேன். முழு லேத்தைப் பற்றி அல்ல. ஜாபைத் தாங்கிப் பிடிக்கிற பாகங்களைப் பற்றி, அதுவும் அவற்றின் பெயர்களைப் பற்றி மட்டும்.

சிரிக்க வேண்டாம். இந்தப் பெயர்க் குழப்பத்தால் நம்மில் பலருக்கு மார்க் போகிறது. சிலருக்கு மரியாதை போகிறது. அஜாக்கிரதையாக இருந்தால் விரலும் போகும்!

தாங்காவிட்டால் என்ன ஆகும்?

லேத் என்றால் நாம் டூலைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம். என்ன டூல், என்ன ஆங்கிள், ஹை ஸ்பீட் ஸ்டீலா கார்பைடா என்று வைவாவில் கேள்வி மேல் கேள்வி வரும். ஆனால் ஜாப் ஆடாமல் நின்றால்தானே டூலுக்கு வேலை?

ஒரு பக்கம் மட்டும் சக்கில் பிடித்து, மறுபக்கம் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிற ராடு என்பது நாம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படிக்கிற கேன்டிலீவரேதான். அந்தப் பாடத்தின் சூத்திரத்தை இங்கே போட்டுப் பாருங்கள். அதே விசைக்கு, நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் 2 மடங்கானால் முனையின் வளைவு 8 மடங்காகும். விட்டம் பாதியானால் வளைவு 16 மடங்காகும். அதே ராடின் மறுமுனையை டெயில் ஸ்டாக் சென்டரால் தாங்கிவிட்டால், டூல் எந்த இடத்தில் அழுத்தினாலும் அதிகபட்ச வளைவு, தாங்காத முனையின் வளைவில் 30-ல் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. இது பேப்பரில் போட்ட கணக்கு. நிஜ மெஷினில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரியது பாருங்கள்.

சென்டர் போட்டும் பத்தாத அளவுக்கு ராடு நீளமாக, ஒல்லியாக இருந்தால் நடுவில் ஒரு தாங்கல் வேண்டும். அதற்குத்தான் ஸ்டெடி ரெஸ்ட்டும் ஃபாலோயர் ரெஸ்ட்டும். ஹெட் ஸ்டாக்குக்குப் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கிற ராடுக்கும் தாங்கல் வேண்டும். வேகமாகச் சுற்றும்போது அந்த வெளிமுனை ஒரு முறை வளைய ஆரம்பித்தால் சாட்டை மாதிரி வீசும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒதுங்க நேரம் கிடைக்காது.

ஆக, தாங்கிப் பிடிக்கிற பாகம் என்பது சும்மா இரண்டு மார்க் கேள்வி அல்ல. அதன் பெயரைச் சொன்னால் கேட்கிறவனுக்குச் சரியான பொருள் கைக்கு வர வேண்டும். வருகிறதா?

உயிரோடு இருப்பது எது? செத்தது எது?

லைவ் சென்டர், டெட் சென்டர் என்று இரண்டு பெயர்கள் முதலிலேயே வந்துவிடும். நமது புத்தகம் சொல்வது இது: ஹெட் ஸ்டாக் ஸ்பிண்டிலில் செருகியிருப்பது லைவ் சென்டர். அது ஜாபோடு சேர்ந்தே சுற்றுகிறது. டெயில் ஸ்டாக்கில் சுற்றாமல் நிற்பது டெட் சென்டர்.

பட்டறையில் போய்க் கேளுங்கள். டெயில் ஸ்டாக்கில் போடுகிற, உள்ளே பேரிங் வைத்து முனை மட்டும் சுற்றுகிற சென்டருக்குத்தான் அங்கே லைவ் சென்டர் என்று பெயர். சிலர் ரிவால்விங் சென்டர் என்பார்கள். புத்தகத்தில் லைவ் சென்டர் இடது பக்கம் இருக்கிறது, பட்டறையில் வலது பக்கம் இருக்கிறது!

கோவைப் பக்கம் ஒரு பட்டறைக்கு நாங்கள் இரண்டு பேர் பயிற்சிக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு டர்னர் அண்ணா. எட்டாவது வரை படித்தவர், முப்பது வருஷமாக லேத்தில் நிற்கிறவர். "தம்பி, அந்த லைவ் சென்டரை எடுத்துட்டு வா கண்ணு" என்றார். என் நண்பன் புத்தகத்தில் உள்ளபடி ஹெட் ஸ்டாக் பக்கம் பார்த்தான். அங்கே சக் மாட்டியிருந்தது. "அங்க எங்கீங்கண்ணா இருக்குது?" என்று கேட்டான். பட்டறையே சிரித்தது. "டிப்ளமா படிக்கிற பையனுக்கு லைவ் சென்டர் தெரியலையாமா!" என்று அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடை வரைக்கும் அந்தப் பேச்சு போனது.

நான் கேட்கிறேன், அவன் சொன்னதில் என்ன தப்பு? புத்தகப்படி அவன் சரி. பழக்கப்படி அந்த அண்ணாவும் சரி. இரண்டு பேரும் சரியாக இருந்தும் ஒருவன் தலைகுனிந்து நின்றான் என்றால், கோளாறு ஆளிடம் இல்லை, பெயரில் இருக்கிறது.

இது வெறும் மானப் பிரச்சினை மட்டுமல்ல. சுற்றாத சென்டரின் முனையில் ஜாப் தேய்ந்துகொண்டே சுற்றுகிறது. அதனால் அந்த முனை கடினப்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும், கிரீஸ் வைக்க வேண்டும், வேகத்தை அடக்கி வைக்க வேண்டும். ஜாப் சூடேறினால் நீளும். 1 மீட்டர் ஸ்டீல் ராடு 50 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் ஏறக்குறைய 0.6 மி.மீ. நீளும். அந்த நீளம் போக இடமில்லை என்றால் சென்டர் முனை கருகும், அல்லது ராடு வளையும். ஆகவே நடுநடுவே டெயில் ஸ்டாக்கைத் தளர்த்தி மறுபடி சரிசெய்ய வேண்டும். பேரிங் வைத்த சென்டரில் முனை தேயாது, அதிக வேகத்துக்கும் தாங்கும். ஹெட் ஸ்டாக்கில் ஜாபோடு சேர்ந்து சுற்றுகிற சென்டருக்கோ தேய்மானமே கிடையாது. அதனால் அது மென்மையான ஸ்டீலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே பெயரை வைத்துக்கொண்டு இதில் எதை எடுப்பது, எதற்குக் கிரீஸ் வைப்பது?

செத்தது என்றால் மட்டம் என்றும் நினைத்துவிட வேண்டாம். சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங்கில் மிகத் துல்லியம் வேண்டும்போது இரண்டு பக்கமும் சுற்றாத சென்டரைத்தான் போடுகிறார்கள். சென்டர் சுற்றவில்லை என்றால் பேரிங்கின் ஆட்டம் ஜாபில் ஏறாது. இந்த உண்மை ‘டெட்’ என்ற வார்த்தையில் எங்கே இருக்கிறது?

ஒரு பாகம், மூன்று பெயர்

நமக்கு வந்த மெஷின்களும் புத்தகங்களும் ஒரே ஊரிலிருந்து வந்தவை அல்ல. இங்கிலாந்துப் பழக்கம் கொஞ்சம், அமெரிக்கப் பழக்கம் கொஞ்சம் என்று கலந்து வந்தன.

பெட் மீது போல்ட் போட்டு ஒரே இடத்தில் நிற்கிற, மூன்று தாடை உள்ள தாங்கிக்கு அமெரிக்கர்கள் ஸ்டெடி ரெஸ்ட் என்றார்கள். ஆங்கிலேயர்கள் பிக்சட் ஸ்டெடி என்றார்கள். சென்டர் ரெஸ்ட் என்றும் ஒரு பெயர் உண்டு. கேரேஜின் மீது உட்கார்ந்து டூலோடு கூடவே நகர்கிற, பெரும்பாலும் இரண்டு தாடை உள்ள தாங்கி அங்கே ஃபாலோ ரெஸ்ட், இங்கே டிராவலிங் ஸ்டெடி. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் டெயில் ஸ்டாக்குக்கே லூஸ் ஹெட் ஸ்டாக் என்று பெயர். மேண்ட்ரல் என்றால் ஓட்டை உள்ள ஜாபை மாட்டிக் கடைவதற்கான, 2000-க்கு 1 என்ற மிக மெல்லிய டேப்பர் உள்ள தண்டு என்று நாம் படிக்கிறோம். இங்கிலாந்தின் பழைய வழக்கில் லேத்தின் ஸ்பிண்டிலுக்கே மேண்ட்ரல் என்ற பெயர் இருந்தது! சென்டருக்கு நடுவில் மாட்டிய ஜாபைச் சுற்றவைக்கிற சின்னப் பிடி ஓரிடத்தில் கேரியர், இன்னோரிடத்தில் டாக்.

இதில் அடிபட்டவன் யார் தெரியுமா? நம்மைப் போன்ற ஒரு மாணவன்தான். பத்தாவது லீவிலிருந்தே தன் மாமாவின் லேத் பட்டறையில் கையாளாக நின்றவன். ஸ்டெடியை பெட்டில் வைத்து, மூன்று தாடையையும் ஜாபைத் தொட்டும் தொடாமலும் கொண்டுவந்து, எண்ணெய் விட்டு ஓட்டிக் காட்டினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஃபாலோயர் ரெஸ்ட்டின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார். அவன் "டிராவலிங் ஸ்டெடி சார்" என்றான். அவன் மாமா பட்டறையில் அதற்கு அந்தப் பெயர்தான். "நெக்ஸ்ட்" என்று சொல்லிவிட்டார். "அது எதற்கு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். டூல் ஜாபைப் பின்னாலும் மேலேயும் தள்ளுகிறது, அதனால்தான் தாடைகள் பின்னாலும் மேலேயும் இருக்கின்றன என்று அவன் தமிழில் அழகாகச் சொல்லியிருப்பான். கேட்கவில்லையே!

பெயர் வைத்தவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான்

இந்த வார்த்தைகளைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவனுக்குப் பயம் இன்னும் அதிகம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறார். அம்மா மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். ‘டெயில் ஸ்டாக்’ என்று கேட்டபோது ஏதோ பெரிய விஷயம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அகராதியைப் புரட்டினேன். டெயில் என்றால் வால். ஸ்டாக் என்பதன் பழைய அர்த்தம் மரக்கட்டை. அவ்வளவுதான், வால்கட்டை! ஜா என்றால் தாடை. டாக் என்றால் நாய், கவ்விக்கொள்வதால் அந்தப் பெயர் பொருத்தமாக இருக்கிறது. இதெல்லாம் பண்டிதர்கள் உட்கார்ந்து யோசித்த பெயர்கள் அல்ல. அந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள், கையில் கரியோடு, வாயில் வந்ததை வைத்த பெயர்கள். அவர்கள் பேச்சு நமக்குப் பாடமாகலாம், நம் ஊர்ப் பட்டறைப் பேச்சு மட்டும் கொச்சையா?

நம்மிடமும் வார்த்தை இல்லாமல் போகவில்லை. லேத் வேலைக்குக் கடைசல் என்று பெயர். தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் தமிழில் ஒரே சொல். காரணம் இருக்கிறது. பழைய கைக் கடைசலில் ஜாபைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு முன்னும் பின்னும் இழுப்பார்கள். மத்தைக் கயிறு போட்டுக் கடைவதும் அப்படித்தான்.

ஒரு நாள் எங்கள் அம்மாயிக்கு ஸ்டெடி ரெஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன். நீளமான கம்பி சுத்தும்போது ஆடாம இருக்க நடுவுல ஒண்ணு பிடிச்சுக்கும் அம்மாயி என்றேன். அம்மாயி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது: "அதானே சாமி, பெரிய தாழியில கடையறப்ப மத்தைத் தூணோட கயித்து வளையம் போட்டுக் கட்டுவோமல்ல? இல்லாட்டி மத்து ஆடித் தாழியை ஒடச்சுப்போடுமே!" பள்ளிக்கூடமே போகாத கிழவி. ஸ்டெடி ரெஸ்ட்டின் தத்துவத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டது. பெயர் தெரியாது, வேலை தெரியும். நமக்கோ பல சமயம் பெயர் தெரியும், வேலை தெரியாது.

இரண்டு கட்சிகளும் என் கட்சியும்

இதைப் பேசினால் உடனே இரண்டு கட்சி பிரிகிறது.

முதல் கட்சி: "இங்கிலீஷ்லயே மனப்பாடம் பண்ணுடா. இன்டர்வியூல தமிழா கேக்கப் போறான்? சி.என்.சி. பேனல்ல தமிழா வருது?" இதில் நியாயம் இருக்கிறது. நாளை நாம் வேலைக்குப் போகிற இடத்தில் டிராயிங்கும் மேனுவலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலப் பெயர் தெரியாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் மனப்பாடம் செய்த பெயர் பரீட்சை ஹாலோடு நின்றுவிடும். சி.என்.சி. வந்ததால் தாங்கல் வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. ஹைட்ராலிக் சக்கின் சாஃப்ட் ஜாவை ஜாபுக்கு ஏற்றபடி கடைந்து எடுக்கிறவனுக்கும் எங்கே, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் மெஷின் ஓடும். ராடு வளையுமா வளையாதா என்று பட்டன் சொல்லாது.

இரண்டாவது கட்சி: "எல்லாத்தையும் தமிழ்ப்படுத்திவிட வேண்டும்!" இதிலும் எனக்கு ஆசை உண்டு. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் பொறியியல் பட்டப்படிப்புகளே தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் என்ன ஆகும்? லைவ் சென்டர் ‘உயிர் மையம்’ ஆகும், டெட் சென்டர் ‘இறந்த மையம்’ ஆகும். ஆங்கிலத்தில் இருந்த அதே குழப்பம் தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு வரும்!

என் கட்சி இது: பெயரை மொழிபெயர்க்காதீர்கள், வேலையைப் பார்த்துப் பெயர் வையுங்கள். சுற்றுகிற சென்டர் ‘சுழல்முனை’, சுற்றாத சென்டர் ‘நிலைமுனை’. அது ஹெட் ஸ்டாக்கில் இருந்தால் என்ன, டெயில் ஸ்டாக்கில் இருந்தால் என்ன, குழப்பம் வராது. பெட்டில் நிற்பது ‘நிலைத்தாங்கி’. டூலோடு போவது ‘கூடவரும் தாங்கி’. இதைவிட நல்ல பெயர் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், என் பெயரை நானே அழித்துவிடுகிறேன். சக்கை சக் என்றே வைத்துக்கொள்ளலாம். அது நம் பட்டறைகளில் எப்போதோ தமிழாகிவிட்டது.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாம் செய்யக்கூடியதாக மூன்று யோசனை சொல்கிறேன்.

ஒன்று: எந்தத் தாங்கியைப் பார்த்தாலும் பெயருக்கு முன்னால் மூன்று கேள்வி கேட்போம். எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? ஜாபோடு சுற்றுகிறதா, நிற்கிறதா? ஜாபை எங்கே தொடுகிறது? ஸ்டெடி ரெஸ்ட்டுக்குப் பதில்: பெட்டின் மேல், சுற்றாது, நடுவில் மூன்று இடத்தில் தொடுகிறது. சுற்றாமல் தொடுகிறது என்றாலே அங்கே தேய்மானம் உண்டு, எண்ணெய் வேண்டும், தொடுகிற இடம் முன்கூட்டியே உருண்டையாகக் கடையப்பட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்து விழும். இந்த மூன்று பதிலும் தெரிந்தவனை எந்த ஊர்ப் பெயரும் ஏமாற்றாது.

இரண்டு: நமது வொர்க்ஷாப் சுவரில் ஒரு பெரிய அட்டவணை வைப்போம். முதலில் படம். அடுத்து புத்தகப் பெயர்கள், இங்கிலாந்துப் பெயர், அமெரிக்கப் பெயர் இரண்டும். அடுத்து நம் ஊர்ப் பட்டறைப் பெயர். கடைசியில் அது செய்கிற வேலை, தமிழில் ஒரு வரி. பட்டறைப் பெயர்களை நாமேதான் சேகரிக்க வேண்டும். பயிற்சிக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு நோட்டு கொண்டுபோய் அங்குள்ள அண்ணன்களிடம் கேட்டு எழுதி வரட்டும். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. பேரவை செலவை ஏற்றுக்கொண்டால், படம் வரைகிற வேலையை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும்.

மூன்று: நம் ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். வைவாவில் பெயரைக் கேட்டவுடன் நிறுத்திவிடாதீர்கள் ஐயா. "அது எதற்கு?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். பதில் தமிழில் வந்தாலும் மார்க் போடுங்கள். ஆங்கிலப் பெயரை நாங்கள் கற்றுக்கொள்கிறோம், அது எங்கள் பொறுப்பு. எங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள்.

நண்பர்களே! டிப்ளமா வாங்கிக்கொண்டு நாம் போய் நிற்கப் போவது ஆபீசருக்கும் ஆபரேட்டருக்கும் நடுவில். மேலே இருப்பவர் புத்தகப் பெயரில் கேட்பார், கீழே இருப்பவர் பட்டறைப் பெயரில் பேசுவார். இரண்டு பேச்சும் தெரிந்த ஆள் நாம் ஒருவர்தான் இருப்போம். பட்டறைப் பேச்சைக் கேட்டு நாமும் சேர்ந்து சிரித்தால் அந்த அண்ணன்கள் நம்மிடம் வாய் திறக்க மாட்டார்கள். முப்பது வருஷ அனுபவம் நமக்குக் கிடைக்காமல் போகும். புத்தகப் பெயரை விட்டுவிட்டால் மேலே இருப்பவர் நம்மை மதிக்க மாட்டார்.

அதனால் இரண்டையும் கற்போம். அடுத்த ஆண்டு மலர் வருவதற்குள் அந்த அட்டவணை நமது வொர்க்ஷாப் சுவரில் தொங்க வேண்டும். பட்டறைப் பெயர் தெரிந்தவர்கள் இன்றைக்கே எங்கள் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். நோட்டு தயாராக இருக்கிறது!